இறந்தகாலத்தில் ஒரு வசனம்

நெடுந்தீவு
16.02.1986

இல்லை மச்சாள், இயேசு வேதத்துக்கு மாறி வந்தவர் அல்ல. யூதனாகப் பிறந்தார். யூதனாகவே செத்தார். எட்டாம் நாள் விருத்தசேதனம். பன்னிரண்டு வயதில் எருசலேம் கோயில். கடைசியாக இருந்து சாப்பிட்டதும் யூதருடைய பாஸ்காச் சாப்பாடு. மாதா யூதப் பெண். சூசையப்பர் யூதர். இராயப்பரும் மற்றச் சீடர்கள் எல்லோரும். அந்தப் பந்தியில் கத்தோலிக்கர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

மற்றக் கேள்வி. "யூதாசின்ர ஆக்கள்தானே யூதர்?" உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பஸுக்குப் போகும்வரை நானும் அப்படித்தான். யூதா என்பது ஒரு கோத்திரத்தின் பெயர். அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கும், எங்கள் கரையில் நாலு சூசை இருப்பதுபோல. இயேசுவும் யூதா கோத்திரம்தான்.

பெரிய வெள்ளிக்கு மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை இன்னும் பழைய புத்தகத்தைத்தான் வாசிக்கிறாரா? "துரோகிகளான யூதருக்காகவும் மன்றாடுவோமாக." வத்திக்கான் சங்கம் கூடி முடிந்து இருபது வருடமாகிறது. உரோமாபுரியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். சிப்பித்துறையில் எடுக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த சனங்கள்தான் ஐரோப்பாவில் பக்கத்து வீட்டு யூதனின் கதவை உடைக்கப் போனார்கள். சில ஊர்களில் பெரிய வெள்ளியன்றே, கோயிலிலிருந்து நேராக. கடைசியில் அறுபது லட்சம் பேர். எண்ணிக்கையை எழுதினால் பொய்போல இருக்கிறது.

எண்பத்து மூன்று கலவரத்தில் அண்ணை நீர்கொழும்பிலிருந்து உடுத்த சாரத்தோடும் போட்ட சேட்டோடும் வந்து இறங்கினதைக் கண்டீர்கள்தானே. கதவை உடைத்தவர்களிலும் பூசைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள் என்று அவர்தான் சொன்னார். எங்களுக்கே விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

இங்கே சமய பாடமும் என்னிடம்தான் தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் கேட்டது சந்தோசம்.

அண்ணையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாக்கிறேற்


சிப்பித்துறை, ஊர்காவற்றுறை
25.02.1986

அன்புள்ள மச்சாள்,

உம்மட கடிதத்தை வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிய இளைஞர் மன்றப் பெடியளுக்கு வாசிச்சுக் காட்டினனான். சேசு யூதன் எண்ட இடத்தில மூப்பர் எழும்பி, "இந்தப் பிள்ளை இன்னும் ஒரு வருசம் கம்பஸில இருந்திருந்தா சேசுவுக்குத் தமிழும் தெரியாது எண்டிருப்பாள்" எண்டார். எல்லாரும் சிரிச்சவை. பகிடி விட்டாரோ உண்மையா நம்பினாரோ தெரியேல்லை.

அவர் இப்ப எங்களோட அவ்வளவு நல்லமில்லை. போன மாதம் நேவிக்காரர் எங்கட கரையில மூண்டு வள்ளம் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். உம்மட அண்ணை நேரா காம்புக்குப் போய், நீர்கொழும்பில பழகின சிங்களத்தில கதைச்சு, எங்கட வள்ளத்தை எடுத்துக்கொண்டு வந்திட்டார். மூப்பரின்ரயும் மற்ற வள்ளமும் இன்னும் அங்கதான் கிடந்து உக்குது. "ஒண்டுதான் தருவன் எண்டவன், நான் ஆற்றயைக் கேக்கிறது?" எண்டு இவர் சொல்லுறார். மூப்பர் தோத்திரம் சொன்னாத் தோத்திரம் சொல்லுறார். அவ்வளவுதான்.

ஒரு விசயம் கேக்க வேணும். உயிர்த்த ஞாயிறுக்கு யூதாஸ் பொம்மை கட்டித் தொங்கவிடுறது உமக்குத் தெரியும். கறுப்பு அங்கி, கடதாசியில வளைஞ்ச மூக்கு, தும்பில தாடி. சனியண்டு கட்டினா ஞாயிறு பூசை முடிய அடிச்சு எரிக்கிறது. உம்மட கடிதத்தைக் கேட்ட பிறகு பெடியள், "அப்ப மூக்கும் தாடியும் பிழையோ அக்கா?" எண்டு கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீர் எழுதும்.

உம்மட அண்ணைக்கு வாழ்க்கைப்பட்ட
றோசம்மா


நெடுந்தீவு
05.03.1986

பிழைதான் மச்சாள். யூதாஸுக்கு மட்டும் ஏன் அந்த மூக்கு? அவனுக்கு வைத்தால் மற்றப் பதினொரு பேருக்கும் வைக்க வேண்டும். இயேசுவுக்கும்.

பொம்மையே வேண்டாம் என்பேன். கேட்கமாட்டீர்கள். கட்டுவதானால் எங்களைப்போலக் கட்டுங்கள். சாரம். எங்கள் கரையில் போடுகிற ஒரு சேட். முகம் வேண்டாம். பார்க்கிற ஒவ்வொருவனும் இது நானோ என்று ஒரு கணம் நிற்க வேண்டும். மூக்கு இருந்தால் நிற்கமாட்டான். அது வேறு ஆள் என்று கல்லெறிவான்.

மட்டையில் ஏதாவது எழுதித் தொங்கவிடுவதென்றால் இதை எழுதச் சொல்லுங்கள்:

துரோகி வெளியிலிருந்து வரவில்லை. எங்களோடு ஒரே கோப்பையில் சாப்பிட்டவன்.

மூன்று தரம் வெட்டி வெட்டி எழுதினேன். இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணை செய்தது சரி. மூப்பருக்கு வள்ளம் வேண்டுமானால் சிங்களம் படிக்கட்டும்.

மாக்கிறேற்


சிப்பித்துறை
02.04.1986

அன்புள்ள மச்சாள்,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர்வாதம். பொம்மை நல்லா வந்தது. நீர் பாத்திருக்க வேணும்.

சேட் கேட்டுப் பெடியள் வீடு வீடாப் போனவை. ஒருத்தரும் குடுக்கேல்லை. ஆர் தன்ர சேட்டை யூதாசுக்குக் குடுப்பினம்? உம்மட கடிதத்தை வாசிச்சுக் காட்டினவள் நான். நானே குடுக்காட்டி என்ன மாதிரி? இவற்ற மஞ்சள் கோடு போட்ட சேட்டைக் குடுத்தனான். நெஞ்சுப் பை கிழிஞ்சு நான் நீலத் துணியில ஒட்டுப் போட்டிருந்தது. கரையில தெரியாத ஆள் இல்லை.

மூப்பர் தன்ர கையால மட்டையில உம்மட வசனத்தை எழுதினவர். எழுத்து அச்சு மாதிரி. ஒரு சின்ன வித்தியாசம். சாப்பிட்டவன் எண்டு நீர் எழுதினதை அவர் சாப்பிடுகிறான் எண்டு எழுதியிருந்தார். நான் கண்டனான். அதுக்கென்ன எண்டு விட்டிட்டன்.

கோயிலுக்கு முன்னால இருக்கிற லைற் போஸ்ற்றிலதான் தொங்கவிட்டவை. பூசை முடிஞ்சு வந்த சனம் பொம்மையைப் பாத்துது. பிறகு இவரைப் பாத்துது. ஆரோ, "குருசுமுத்து, நீ ரெண்டு இடத்தில நிக்கிறாய்" எண்டான். "அங்க எனக்கு நல்ல காத்து" எண்டார் இவர். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. மட்டையை மட்டும் மூப்பர் எரிக்க விடேல்லை. நல்ல வசனம், கிடக்கட்டும் எண்டு கோயில் விறாந்தையில சாத்தி வைச்சிருக்கிறார்.

இப்ப கரையில இவரை யூதாசு எண்டுதான் கூப்பிடுகினம். "யூதாசு, இண்டைக்கு மீன் பட்டதோ?" "யூதாசு, ஒரு பீடி தா." பகிடிதான். இவரும் திரும்பிப் பாக்கிறார். மகளைப் பள்ளிக்கூடத்தில யூதச்சி எண்டுகினமாம். அவள் வந்து, "அம்மா, அப்ப சேசு எங்கட சொந்தமோ?" எண்டு கேட்டாள். சிரிச்சனான். பிறகு ஏனோ சிரிப்பு வரேல்லை.

இதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு எழுதும்.

றோசம்மா


நெடுந்தீவு
08.04.1986

நிற்பாட்ட வேண்டாம் மச்சாள். பகிடிக்கு ஆயுள் குறைவு. நீங்கள் கோவித்தால்தான் நீளும்.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. சனம் பொம்மையைப் பார்த்தது, பிறகு தங்களில் ஒருவனைப் பார்த்தது. அதுதான் வேண்டும். இருபது வருடமாகச் சங்கம் செய்யாததை ஒரு சேட் செய்திருக்கிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சஞ்சிகைக்கு அனுப்பலாம். அண்ணையின் பெயர் வராது.

காலத்தை மாற்றியதுதான் பிடிக்கவில்லை. சாப்பிட்டவன் என்றால் யூதாஸ். சாப்பிடுகிறான் என்றால் யார்? மூப்பருக்கு இலக்கணம் தெரியாது.

மகளிடம் சொல்லுங்கள்: ஓம், சொந்தம்தான்.

மாக்கிறேற்


சிப்பித்துறை
16.04.1986

மச்சாள்,

இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். திங்கட்கிழமை, வருசப்பிறப்பு அண்டு.

இயக்கத்தில ரெண்டு பெடியள் புதுசா வந்து நிண்டவை. இந்தப் பக்கத்து ஆக்கள் இல்லை. தேத்தண்ணிக் கடையில இருக்கேக்க ஆரோ இவரை யூதாசு எண்டு கூப்பிட்டிருக்கிறான். "அவருக்கு ஏன் அப்பிடிப் பேர்?" எண்டு அதில ஒருத்தன் கேட்டவனாம். சைவப் பெடியன் போல, யூதாஸ் ஆரெண்டே தெரியாதாம். "காட்டிக் குடுத்தவன்ர பேர் தம்பி" எண்டு சொல்லியிருக்கினம். "இவர் ஆரைக் காட்டிக் குடுத்தவர்?" எண்டு அவன் கேட்டிருக்கிறான். அதுக்கு மேல கடையில ஒருத்தரும் கதைக்கேல்லையாம். அதுதான் பிழைச்சது. அப்பவும் சிரிச்சிருக்கலாம். பிறகு ஆரோ நேவி, வள்ளம், சிங்களம் எண்டு சொல்லியிருக்கினம். ஆரெண்டு கேட்டா எல்லாரும் கடலைப் பாக்கினம்.

சைக்கிளில ஏத்திக்கொண்டு போனவை. விசாரிச்சிட்டு விடுவம் அக்கா எண்டவை. மரியாதையாத்தான் சொன்னவை.

சுவாமியார் போய்க் கேட்டவர். "நாங்கள் சொல்லேல்லை சுவாமி. உங்கட சனம்தான் துரோகி எண்டு எழுதி, அவற்ற சேட்டையும் போட்டு, உங்கட கோயில் வாசலில தொங்கவிட்டிருக்குது" எண்டு சொல்லிப்போட்டினம். விறாந்தையில கிடந்த மட்டையையும் எடுத்துக்கொண்டு போட்டினம். மூப்பரிட்டை ஓடினன். "நான் என்ன செய்ய பிள்ளை, அது படிச்ச பிள்ளை எழுதின வசனம், அவளைக் கேள்" எண்டிட்டு வலையைப் பின்னத் தொடங்கினார்.

நீர் வாரும். வந்து, இது நான் எழுதினது, யூதாசைப் பற்றி எழுதினது எண்டு சொல்லும். ரீச்சர் ஆள் சொன்னாக் கேப்பினம். கடிதம் எழுத வேண்டாம். வாரும்.

றோசம்மா


நெடுந்தீவு
21.04.1986

மச்சாள்,

லோஞ்ச் ஒழுங்காக ஓடுவதில்லை. போன வருடம் வைகாசியில் நேவி கடலில் லோஞ்சை மறித்துச் சனத்தை வெட்டினதற்குப் பிறகு அதில் ஏறவே கால் வருவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

வந்து என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். நான்தான் எழுதினேன் என்றால், யாரை நினைத்து எழுதினாய் என்று கேட்பார்கள். ஒருவரையும் இல்லை என்றால் நம்புவார்களா? அண்ணையின் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டால்? ஒருவேளை நான் வராமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

சுவாமியாருக்கு விளக்கமாக நாலு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மத்தேயு, யோவான் மேற்கோள்களுடன். அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். படித்தவர்கள் யாராவது இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வரப் பார்க்கிறேன்.

மாக்கிறேற்


சிப்பித்துறை
28.04.1986

வெள்ளிக்கிழமை நீர் வரேல்லை. வந்திருந்தாலும் பிந்தித்தான்.

அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை விடியக் கொண்டுவந்து போட்டினம். அதே லைற் போஸ்ற். கழுத்தில அதே மட்டை. அவைக்குப் புதுசா எழுத வேண்டி வரேல்லை.

நானே அவிட்டனான். வள்ளம் கட்டுற நைலோன் கயிறு. முடிச்சு இறுகி இருந்ததால மீன் வெட்டுற கத்தி எடுத்துவர வீட்டுக்குத் திரும்பிப் போனனான். வழியில எல்லா வீட்டு யன்னலும் சாத்தியிருந்தது. கத்தி தாருங்கோ எண்டு ஒரு வீட்டிலயும் கேக்கேல்லை. கேட்டிருந்தா அவைக்குத்தான் கஷ்டம்.

கோயில் மணி அடிக்கேல்லை. அடிக்கக்கூடாதாம். சேமக்காலையில சுவாமியார், மணியடிக்கிற சங்கிலித்தாம், நான், மகள். நாலு பேரும் பெட்டியைத் தூக்க ஏலாமல் வண்டிலில வைச்சுத் தள்ளினம். மூப்பர் மதிலுக்கு அங்கால நிண்டு அழுதவர். சத்தமா அழுதவர். அது எனக்குப் பிடிக்கேல்லை.

உம்மட நாலு பக்கம் வியாழக்கிழமை கிடைச்சது. சுவாமியார் வாசிச்சிட்டு, நல்லா எழுதியிருக்கிறா எண்டார்.

சேட் நான் குடுத்தது. அதை நான் ஒருத்தருக்கும் ஒளிக்கேல்லை. வசனம் உம்மட. மே இருபத்திரண்டு முப்பத்தோராம் நாள். பேர் சொல்லிப் பூசை வைக்கச் சுவாமியாருக்குப் பயம். அந்த வசனம் இவரைப் பற்றி எழுதினதில்லை எண்டு எழுதினவள் கையெழுத்து வைச்சுத் தந்தா, அதைக் கோயிலில வாசிச்சிட்டு இவற்ற பேரைச் சொல்லலாம் எண்டுறார். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அந்தக் கோயிலில, அந்தச் சனத்துக்கு முன்னால, இவற்ற பேரை ஒருக்காச் சொல்ல வேணும். யூதாசு எண்டில்லை. குருசுமுத்து எண்டு.

எழுதி அனுப்பும்.

றோசம்மா


நெடுந்தீவு
05.05.1986

மச்சாள்,

எழுத முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்திருந்தேன். அண்ணை சைக்கிள் பழக்கினபோது பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை விட்டவர். அதுதான் ஞாபகம் வருகிறது. வேறு ஒன்றும் வருவதில்லை.

கேட்டதை எழுதியிருக்கிறேன். கோயிலில் வாசிப்பதற்கு ஏற்றபடி. கீழே இருக்கிறது.

மா.

*அறிவித்தல். கடந்த உயிர்த்த ஞாயிறன்று எமது பங்கில் வைக்கப்பட்ட வாசகம் தொடர்பாக. மூல வாசகம் "சாப்பிட்டவன்" என இறந்தகாலத்தில் அமைந்தது. அது நற்செய்தி கூறும் யூதாஸை மட்டுமே சுட்டும். அதனை நிகழ்காலமாக மாற்றியமைக்கு எழுதியவர் பொறுப்பல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனைக்கு அமைய, யூத மக்கள் மீதான பழியை நீக்கும் நல்நோக்கத்துடனேயே அது எழுதப்பட்டது.*

*இவ்வண்ணம், ஒரு கத்தோலிக்க ஆசிரியை.*


சிப்பித்துறை
12.05.1986

உம்மட துண்டைத் திருப்பி அனுப்புறன்.

ரெண்டு தரம் வாசிச்சனான். யூதாசின்ர பேர் இருக்குது. சங்கத்தின்ர பேர் இருக்குது. உம்மட அண்ணையின்ர பேர் இல்லை. உம்மட பேரும் இல்லை. எழுதினவர் பொறுப்பில்லை எண்டு மட்டும் வடிவா இருக்குது.

இறந்தகாலமாம். இறந்தகாலம் என்னெண்டு எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

ஒண்டு சொல்லுறன். எனக்குப் பத்தாம் வகுப்புத்தான். அந்தப் பழைய செபத்தை என்ர சின்ன வயசில இருந்து கேட்டிருக்கிறன். துரோகிகளான யூதர். நாங்கள் ஒரு யூதனையும் கண்டதில்லை. அந்தச் செபத்தால எங்கட கரையில ஒருத்தரும் சாகேல்லை. நீர் திருத்தின பிறகுதான் செத்தது.

யாழ்ப்பாணத்தில இப்ப இயக்கங்கள் தங்களுக்குள்ள அடிபடுகினமாம். பெடியளைப் பெடியள் றோட்டில போட்டுச் சுடுகினமாம். அதிலயும் துரோகி எண்டுதான் சொல்லுறதாம். இவரைக் கொண்டுபோன அந்தச் சைவப் பெடியனையும் சுட்டாச்சு எண்டு கதை. எனக்குச் சந்தோசம் வரும் எண்டு பாத்தன். வரேல்லை.

மூண்டு சொல்லுப் போதும். குருசுமுத்து துரோகி இல்லை. கீழ உம்மட பேர். பயம் எண்டா, பயம் எண்டும் எழுதும், நான் கோவிக்கமாட்டன். எனக்கும் பயம்தான். ஆனா நான் இஞ்ச இருக்கிறன்.

இருபத்திரண்டுக்கு முந்திக் கிடைக்க வேணும்.

றோசம்மா


நெடுந்தீவு
18.05.1986

மச்சாள்,

குருசுமுத்து துரோகி இல்லை.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதலாம்.

சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த உடனே கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். சாப்பிடுகிறான் என்றால் உயிரோடு இருக்கிற ஒருவன். மூப்பர் யாரை நினைத்து மாற்றினார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அவருக்கு இலக்கணம் தெரியாது என்று எழுதினேன். என் கட்டுரை பாதி முடிந்திருந்தது. நன்றாக வந்துகொண்டிருந்தது. சிப்பித்துறையில் ஒன்றும் பிழைத்துப்போகவில்லை என்று இருந்தால்தான் அது நன்றாக முடியும். அதனால் நிற்பாட்ட வேண்டாம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை லோஞ்ச் ஓடியது. துறைக்குப் போனேன். இடமும் இருந்தது. அண்ணை செத்தது எனக்கு அப்போது தெரியாது. உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி நடந்தேன்.

யூதரைப் பற்றி நான் எழுதியது சரி. இன்னும் சரி. அந்தச் செபத்தால் இங்கே ஒருவரும் சாகவில்லை என்கிறீர்கள். துரோகி என்ற சொல்லை எங்கள் வாய்க்குப் பழக்கினது அந்தச் செபம். வருடா வருடம், கைகூப்பிக்கொண்டு. நான் மூக்கைக் கழற்றினேன். தாடியைக் கழற்றினேன். சொல்லைக் கழற்றவில்லை. அதற்கு ஒரு சேட்டைப் போட்டுவிடச் சொன்னேன்.

சேட் உங்களுடைய பிழை அல்ல. நான் கேட்டேன், தந்தீர்கள்.

பயமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

இதைச் சுவாமியார் கோயிலில் அப்படியே வாசிக்கட்டும்.

மாக்கிறேற்
குருசுமுத்துவின் தங்கச்சி


இந்தக் கடிதத்தை அவள் அனுப்பவில்லை.

மே மாதம் இருபத்திரண்டாம் திகதி காலை மாக்கிறேற் நெடுந்தீவுக் கோயிலுக்குப் போய் ஒரு பூசைக்குக் காசு கொடுத்தாள். யாருடைய பேருக்கு என்று அந்தக் கோயிலின் சங்கிலித்தாம் கேட்டார். மரித்த சகல ஆத்துமாக்களுக்கும் என்று எழுதச் சொன்னாள். பூசை முடிவதற்கு முன் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முதற்பாடம் ஏழாம் வகுப்புக்கு இருந்தது.